இணையப் பக்கத்தைத் தெளிவாகச் சேமிப்பது எப்படி?

சேர்வராயன் மலையின் காப்பி வரலாற்றை ஆய்வுக்கு எடுத்திருக்கும் ஒரு மாணவியை எண்ணிக்கொள்ளுங்கள். சேலத்தில் விடுதி அறையில் இருந்து தேடும்போது, ஏற்காட்டுக்குக் காப்பிச் செடி வந்த கதையை விரிவாகச் சொல்லும் கட்டுரை ஒன்று கிடைக்கிறது. அதை வைத்துக்கொள்ள வேண்டும். இந்த இடத்தில் சிலர் முகவரியை புக்மார்க் செய்வார்கள். சிலர் திரையைப் படம் பிடிப்பார்கள். சிலர் பக்கம் முழுவதையும் நகலெடுத்து வேர்டில் ஒட்டுவார்கள். வாட்ஸாப்பில் தமக்குத் தாமே அனுப்பி வைப்பவர்களும் உண்டு.

ஆய்வேடு எழுத உட்காரும் நாளில்தான் இவற்றின் குறை தெரியும். புக்மார்க்கைத் தட்டினால் பக்கமே இல்லை. படமாக எடுத்ததைக் கண்ணால் படிக்கலாம், அதற்குள் ஒரு சொல்லைத் தேட முடியாது. வேர்ட் கோப்பிலோ கட்டுரையின் நடுவே அன்றைய தங்கம் விலையும், ‘இதையும் படியுங்கள்’ பட்டியலும், சினிமாச் செய்தி இரண்டும் புகுந்திருக்கின்றன. யார் எழுதியது, என்றைக்கு வெளியானது என்ற விவரம் மட்டும் அதில் இல்லை. அடிக்குறிப்பு எழுதக் கை போகும் இடத்தில் வெற்றிடம்.

பக்கங்கள் மறைந்துபோவது அரிதான நிகழ்ச்சி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளுக்குப் பிறகு திறக்கவில்லை. உள்ளூர் வரலாறு, வட்டார வேளாண்மை போன்றவற்றில் வேலை செய்பவர்களுக்கு இது இன்னும் கடுமையாக உறைக்க வேண்டும். ஏனென்றால் நம் ஊரைப் பற்றிய ஒரு தகவல் பெரும்பாலும் ஒரே ஒரு பக்கத்தில்தான் இருக்கும். அது போனால் வேறிடம் இல்லை.

ஆகவே சேமிக்கத்தான் வேண்டும். தெளிவாகச் சேமிப்பது என்றால் என்ன, சொந்த ஆய்வுத் தரவுத்தளம் ஒன்றில் அதை எப்படி வைப்பது என்பதை, கணினியில் பெரிய பழக்கம் இல்லாதவர்களுக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

பக்கம் என்பது எது

திரையில் ஒரே பக்கமாகத் தெரிவது உண்மையில் பல இடங்களிலிருந்து வந்து சேர்ந்த துண்டுகள். கட்டுரையின் எழுத்து ஒரு கணினியிலிருந்து வருகிறது, படங்கள் இன்னொன்றிலிருந்து, விளம்பரங்கள் முற்றிலும் வேறொரு நிறுவனத்திடமிருந்து. உலாவி இவற்றையெல்லாம் அந்த நொடியில் கோத்துக் காட்டுகிறது. நீங்கள் காலையில் பார்த்த பக்கமும் உங்கள் நண்பர் மாலையில் பார்க்கும் பக்கமும் முழுக்க ஒன்றாக இருப்பதில்லை. அதனால் ‘பக்கத்தைச் சேமித்தேன்’ என்று சொல்லும்போதே எதை எடுத்தோம், எதை விட்டோம் என்ற கேள்வி உடன் வந்துவிடுகிறது.

ஆய்வாளருக்கு வேண்டியவை நான்கு. கட்டுரையின் உரை ஒன்று. உட்தலைப்பு, பத்தி, மேற்கோள், அட்டவணை என்ற அமைப்பு இரண்டாவது. படங்களும் அவற்றின் கீழே இருக்கும் விளக்க வரிகளும் மூன்றாவது. எங்கிருந்து, யாரால், எப்போது என்ற மூல விவரம் நான்காவது. இந்த நான்காவதைத்தான் அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இந்தக் கட்டுரையில் நான் அதிகம் மன்றாடப் போவதும் அதற்காகத்தான்.

வாசிப்பு முறை எதை வைத்து முடிவு செய்கிறது

விளம்பரத்தை ஒதுக்கிக் கட்டுரையை மட்டும் காட்டும் வாசிப்பு முறை இன்று பல உலாவிகளில் இருக்கிறது. விண்டோஸ் கணினியில் ஃபயர்ஃபாக்ஸிலும் எட்ஜிலும் எஃப்9 விசையை அழுத்தினால் போதும். பக்கங்களைச் சேமிக்கும் கருவிகள் பலவும் இதே போன்ற முறையில்தான் உரையைப் பிரித்தெடுக்கின்றன. இதற்கெல்லாம் முன்னோடி, 2009இல் ஆர்க்90 என்ற நிறுவனம் வெளியிட்ட ரீடபிலிட்டி என்ற சிறு நிரல். அடுத்த ஆண்டே ஆப்பிளின் சஃபாரியில் இந்த வசதி வந்தது. ஃபயர்ஃபாக்ஸுக்காக மொசில்லா அந்த நிரலை வளர்த்தெடுத்து, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்து வைத்திருக்கிறது.

அது எப்படி வேலை செய்கிறது என்பதை ஒருமுறை தெரிந்துகொண்டால், எங்கே நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்பது விளங்கிவிடும். கணினிக்குக் கட்டுரையின் பொருள் தெரியாது. அது மதிப்பெண் போடுகிறது. 25 எழுத்துக் குறிகளுக்குக் குறைந்த பத்தியைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. அதற்கு மேற்பட்ட பத்திக்கு அடிப்படையாக ஒரு மதிப்பெண். உள்ளே வரும் காற்புள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒன்று. நீளத்தில் ஒவ்வொரு நூறு குறிக்கும் ஒன்று, அதிகபட்சம் மூன்று. பக்கத்தின் நிரலில் ஒவ்வொரு பகுதியும் ஒரு பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கப்பட்டிருக்கும். இந்த மதிப்பெண் அந்தப் பத்தியைச் சுற்றியிருக்கும் பெட்டிக்கு முழுமையாகவும், அதற்கு வெளியே இருக்கும் பெட்டிக்குப் பாதியாகவும் போய்ச் சேர்கிறது. கடைசியாக, அந்தப் பெட்டியின் எழுத்தில் எவ்வளவு பங்கு இணைப்புகளாக இருக்கிறதோ அந்த அளவுக்கு மதிப்பெண் குறைக்கப்படுகிறது. ‘இதையும் படியுங்கள்’ பட்டியல் முழுக்க இணைப்புகளால் ஆனது என்பதால் அது அடிபட்டுப் போகிறது. நீண்ட வாக்கியங்களும் காற்புள்ளிகளும் நிறைந்த கட்டுரைப் பெட்டி முதலிடம் பெறுகிறது. அதையே நமக்குக் காட்டுகிறது.

எளிய முறை. செய்திக் கட்டுரைக்கும் சிறப்புக் கட்டுரைக்கும் அருமையாகவே பொருந்துகிறது. ஆனால் இந்த முறையின் அடியில் ஓர் எண்ணம் இருக்கிறது: முக்கியமானது எதுவோ அது நீண்ட உரைநடையாக இருக்கும் என்பதே அது. நம் ஆய்வுக்கு வேண்டியது எப்போதும் அப்படி இருப்பதில்லை.

ஏற்காட்டின் மாதவாரி மழையளவைத் தரும் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே இரண்டு பத்தி முன்னுரை, கீழே பன்னிரண்டு மாதங்களுக்கான அட்டவணை. உங்களுக்கு வேண்டியது அட்டவணை. ‘ஜூன்’ என்ற சொல்லிலும் அதன் பக்கத்தில் இருக்கும் எண்ணிலும் காற்புள்ளியும் இல்லை, நீளமும் இல்லை. அட்டவணை முன்னுரையோடு ஒரே பெட்டியில் இருந்தால் தப்பிக்கும். தனிப் பெட்டியில் இருந்தால் விடுபடக்கூடும். முன்னுரை மட்டும் அழகாகச் சேமிக்கப்பட்டிருக்கும். ஜவ்வரிசி விலைப் பட்டியல், காப்பி ரகவாரி விலை, மலர்க் கண்காட்சி நேர அட்டவணை எல்லாவற்றுக்கும் இதே நிலைதான்.

பழைய படங்களின் கீழே இருக்கும் விளக்க வரியும் இப்படியே தொலையும். ஒரு பழைய எஸ்டேட் பங்களாவின் படத்தில் ஆண்டு எங்கே இருக்கும்? அந்த ஒற்றை வரியில்தான். படம் வந்து வரி வராவிட்டால், அந்தப் படத்தை ஆய்வேட்டில் சேர்ப்பது கடினம்.

அடிக்குறிப்பு எண்கள் செய்யும் கூத்து இன்னும் மோசம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பி பயிரிடத் தொடங்கினார் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. 1820 என்ற எண்ணை அடுத்து மேலே சிறியதாக 3 என்ற அடிக்குறிப்பு எண் இருக்கிறது. வெறும் எழுத்தாக நகலெடுத்து ஒட்டினால் அது 18203 ஆகிவிடும். இதைப் பார்த்ததும் பிழை என்று தெரிந்துவிடும். ‘182 ஏக்கர்’ என்ற இடத்தில் 18க்குப் பக்கத்தில் இருந்த 2 அடிக்குறிப்பு எண்ணா, அளவின் பகுதியா என்பது தெரியவே தெரியாது. எனவே சேமித்த உடனே, பக்கம் இன்னும் திறந்திருக்கும்போதே, எண்களை மட்டுமாவது ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். உரையை முழுக்க ஒப்பிடத் தேவையில்லை. எண்கள், அட்டவணைகள், பட விளக்கங்கள் போதும்.

எந்தச் சேலம் மாவட்டம்?

மூல விவரம் என்று சொன்னேனே, அதன் அருமை சேலத்துக்காரர்களுக்கு எளிதாகப் புரிய வேண்டும்.

‘சேலம் மாவட்டத்தில் மாமரம் பயிராகும் பரப்பு இவ்வளவு’ என்று ஒரு வாக்கியத்தை எங்கிருந்தோ எடுத்து வைத்திருக்கிறீர்கள். ஆண்டு இல்லை. அப்படியானால் அது எந்தச் சேலம் மாவட்டம்? 1965இல் தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. 1997இல் நாமக்கல் பிரிந்தது. தருமபுரியிலிருந்து 2004இல் கிருஷ்ணகிரி பிரிந்தது. இன்று மாம்பழத்துக்குப் பேர்போன கிருஷ்ணகிரிப் பகுதி 1965க்கு முன் சேலம் மாவட்டத்தின் உள்ளே இருந்தது. லெ ஃபானு 1883இல் எழுதிய சேலம் மாவட்டக் கையேடும், ரிச்சர்ட்ஸ் 1918இல் வெளியிட்ட கெசட்டியரும் அந்தப் பெரிய மாவட்டத்தைப் பற்றிப் பேசுகின்றன. அவற்றிலிருந்து எடுத்த ஓர் எண்ணை யாரோ தம் கட்டுரையில் போட்டு, அந்தக் கட்டுரையிலிருந்து நீங்கள் எடுத்து, ஆண்டைக் குறிக்காமல் இன்றைய எண்ணோடு ஒப்பிட்டால், மாம்பழச் சாகுபடி சேலத்தில் சரிந்துவிட்டது என்ற முடிவுக்குக் கூட வந்துவிடலாம். உண்மையில் சுருங்கியது மாவட்டத்தின் எல்லை.

ஆகவே ஒரு பதிவுக்கு நான்கு தேதிகள் உண்டு என்று என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்வேன். கட்டுரை வெளியான தேதி. பின்னர் திருத்தப்பட்டிருந்தால் அந்தத் தேதி. நீங்கள் பார்த்துச் சேமித்த தேதி. நான்காவது, கட்டுரையில் இருக்கும் தகவல் எந்தக் காலத்துக்கு உரியது என்பது. முதல் மூன்றில் பெரும்பகுதியைக் கருவியே எடுத்துக்கொள்ளும். ஏனென்றால் நல்ல இணையப் பக்கங்கள் தலைப்பு, எழுதியவர், வெளியான நேரம் ஆகியவற்றைத் திரையில் தெரியாத பகுதியில் கணினிக்குப் புரியும்படி எழுதி வைத்திருக்கின்றன. நான்காவது தேதியை எந்தக் கருவியும் எடுத்துத் தராது. நீங்கள் படித்து, நீங்களே எழுத வேண்டும்.

தேதியை எழுதும் முறையிலும் கவனம் வேண்டும். 05/03/2024 என்றால் நமக்கு மார்ச் 5. அமெரிக்கப் பக்கத்தில் அதுவே மே 3. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2024-03-05 என்று எழுதினால் குழப்பம் இல்லை. கணினி வரிசைப்படுத்தும்போதும் காலவரிசை தானாக அமையும்.

எழுதியவர் பெயர் இல்லாவிட்டால் ‘பெயர் தரப்படவில்லை’ என்றே எழுதுங்கள். வெற்றிடமாக விட்டால், பெயர் இல்லையா, நீங்கள் பார்க்கத் தவறினீர்களா என்பது பிறகு தெரியாது.

இணைய முகவரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சமூக ஊடகத்தில் வந்த இணைப்பைத் தட்டிப் போயிருந்தால், முகவரியின் முடிவில் கேள்விக்குறிக்குப் பிறகு ‘யூடிஎம்’ என்று தொடங்கும் நீண்ட வால் இருக்கும். நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள் என்று அந்தத் தளம் கணக்கு வைத்துக்கொள்வதற்கான ஒட்டு அது. வெட்டிவிடலாம். ஆனால் சில தளங்களில் கட்டுரையின் எண்ணே கேள்விக்குறிக்குப் பிறகுதான் வரும்; வெட்டினால் முகப்புப் பக்கத்துக்குப் போய்விடும். வெட்டிய முகவரியைப் புதிய தாவலில் ஒட்டி, அதே கட்டுரை திறக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேமியுங்கள்.

இரண்டு படிகள்

என் உறுதியான கருத்து இது: முக்கியமான பக்கம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு படிகள் வேண்டும். திரையில் கண்டபடியே எல்லாம் அடங்கிய முழுப் படி ஒன்று. படிக்கவும் தேடவும் ஏற்ற தெளிந்த படி இன்னொன்று.

சேர்வராயன் மலையில் அராபிகா வகைக் காப்பிப் பழத்தைப் பறித்ததும் அதன் தோலை இயந்திரத்தில் உரித்து, வழவழப்பைப் போக்கிக் கழுவிக் காயவைப்பார்கள். ஆனால் கொட்டையை ஒட்டியிருக்கும் பார்ச்மென்ட் உறையை எஸ்டேட்டில் நீக்குவதில்லை. பதப்படுத்தும் ஆலைக்குப் போகும்வரை கொட்டையைக் காப்பது அந்த உறைதான். பக்கத்தைத் தெளிவாக்கும்போதும் உரித்தெடுக்கும் வேகத்தில் அந்த உறையையும் சேர்த்து எறிந்துவிடக் கூடாது.

முழுப் படி எடுக்க ‘சிங்கிள்ஃபைல்’ என்ற இலவச நீட்சி (உலாவியில் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்) இருக்கிறது. எழுத்து, படம், வடிவமைப்பு எல்லாவற்றையும் ஒரே எச்டிஎம்எல் கோப்பாக, அதாவது உலாவியில் திறக்கும் இணையப் பக்கக் கோப்பாக, கட்டித் தரும். ஏற்காட்டு மலைப்பாதையில் சிக்னல் இல்லாத வளைவில் பஸ் நின்றாலும் அந்தக் கோப்பு திறக்கும். சேமிக்கும் முன் பக்கத்தின் அடிவரை ஒருமுறை உருட்டிவிடுங்கள். பல தளங்களில், நாம் உருட்டி அருகில் போனால்தான் படம் இறங்கும். உருட்டாமல் சேமித்தால் படம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டம்தான் மிஞ்சும். ‘மேலும் படிக்க’ பொத்தான் இருந்தால் அதையும் முதலில் அழுத்திவிட வேண்டும்.

இன்னொரு பாதுகாப்பும் உண்டு. ப்ரூஸ்டர் கேல் 1996இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ் நிறுவனத்தின் வேபேக் மெஷின் 2001 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. அதில் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் ஒரு படியை எடுத்து வைத்துக்கொள்ளும். அந்தப் படியின் முகவரிக்குள் 14 இலக்க எண் ஒன்று வரும்: ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி. நேரம் கிரீன்விச் கணக்கு, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். இதை உங்கள் பதிவில் சேர்த்துவிட்டால், உங்கள் நெறியாளரும் தேர்வாளரும் தாமே திறந்து சரிபார்க்கலாம். உங்கள் கணினியில் மட்டும் இருக்கும் கோப்பை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்?

தெளிந்த படியையும் மூல விவரத்தையும் வைக்க ஒரு தரவுத்தளம் தேவை. தொடங்குபவர்களுக்கு ஜொடேரோ என்ற மென்பொருளைப் பரிந்துரைப்பேன். அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் வரலாற்று ஆய்வாளர்களுக்காக உருவாகி 2006இல் வெளிவந்தது. இலவசம், திறந்த மூலம். உலாவியில் அதன் நீட்சியை நிறுவிவிட்டால், கட்டுரையைப் பார்க்கும்போது ஒரு பொத்தான் அழுத்தத்தில் தலைப்பு, ஆசிரியர், தேதி, முகவரி, பார்த்த நாள் ஆகியவற்றோடு முழுப் படியும் சேர்ந்து பதிவாகும். வேர்டில் எழுதும்போது அடிக்குறிப்பையும் நூற்பட்டியலையும் அங்கிருந்தே போட்டுவிடலாம். ஒரே பதிவை ‘காப்பி’, ‘மலையாளிப் பழங்குடியினர்’, ‘ஆங்கிலேயர் காலம்’ என்று பல தொகுப்புகளில் வைக்கலாம், படி பெருகாது. ஆய்வேடு எழுதுபவருக்கு இதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை என்பேன்.

அடிக்குறிப்பைவிடத் தம் குறிப்புகளுக்குள் ஊடும் பாவுமாக இணைப்பு போட்டுப் படிக்க விரும்புபவர்களுக்கு அப்சிடியன் என்ற குறிப்பெடுக்கும் மென்பொருள் பொருந்தும். அதன் கிளிப்பர் நீட்சி கட்டுரையை மார்க்டவுன் என்ற எளிய எழுத்து வடிவில், உங்கள் கணினியிலேயே சாதாரணக் கோப்பாக வைக்கிறது. ஜாப்லின் என்ற மென்பொருளும் மார்க்டவுனில்தான் வைக்கிறது, ஆனால் தனிக் கோப்புகளாக அல்லாமல் தன் தரவுத்தளத்துக்குள்; அங்கிருந்து கோப்புகளாக வெளியே எடுத்துக்கொள்ளலாம். மார்க்டவுன் 2004இல் வந்த முறை. தலைப்புக்கு முன்னால் ஒரு குறி, பட்டியலுக்கு ஒரு கோடு என்ற அளவில்தான் அதன் விதிகள். நோட்பேடில் திறந்தாலும் படிக்க முடியும். எந்த மென்பொருள் நின்றுபோனாலும் கோப்பு நம்மிடம் இருக்கும் என்பதே இதன் பெரிய பலம்.

இந்தப் பலத்தை நான் சும்மா சொல்லவில்லை. 2007இல் தொடங்கிய பாக்கெட் என்ற சேவையில் உலகெங்கும் ஏராளமானோர் பல ஆண்டுகளாகக் கட்டுரைகளைச் சேமித்துவந்தார்கள். 2025 ஜூலையில் அது மூடப்பட்டது. தரவைப் பதிவிறக்கிக்கொள்ள அவகாசம் தரப்பட்டது. கிடைத்தது தலைப்புகளும் முகவரிகளும் குறிச்சொற்களும்தான், சேமித்த கட்டுரைகளின் உரை இல்லை. எந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்தாலும், முதல் நாளே அதிலிருந்து எல்லாவற்றையும் வெளியே எடுக்கும் வழி என்ன, எந்த வடிவில் வரும் என்று செய்து பார்த்துவிடுங்கள்.

தமிழ் எழுத்தால் வரும் சிக்கல்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இதைப் பார்ப்பது அரிது. தமிழில் ஆய்வு செய்பவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

சேலத்துக் கோட்டை மாரியம்மன் கோயில் பற்றிய பத்துப் பக்கங்களைச் சேமித்து வைத்திருக்கிறீர்கள். ‘கோட்டை’ என்று தேடினால் ஆறுதான் வருகிறது. மற்ற நான்கிலும் அதே சொல் கண் முன்னால் இருக்கிறது. காரணம், கணினிகள் எழுத்துகளைப் பதியப் பயன்படுத்தும் பொதுக் குறிமுறையான யூனிகோடில் ‘கோ’ என்ற எழுத்தை இரண்டு விதமாகப் பதியலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒரு விதம். ககரம், ஏகாரக் கொம்பு, கால் என்று மூன்று துண்டாகப் பதிவது இன்னொரு விதம். திரையில் இரண்டும் அச்சாக ஒன்றுபோலவே இருக்கும். நல்ல தேடல் வசதி இரண்டையும் ஒன்றாகவே கொள்ளும். குறிகளை அப்படியே ஒப்பிடும் மென்பொருள் வேறு வேறு சொல்லாக நினைத்துக்கொள்ளும். ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய் வரிசை முழுவதற்கும் இது பொருந்தும்.

இந்த இரு வடிவங்களும் சமம் என்று யூனிகோடு விதியே சொல்வதால், ‘என்எஃப்சி’ என்ற சீராக்கலைச் செய்தால் எல்லாம் ஒற்றைக் குறி வடிவத்துக்கு வந்துவிடும். நிரல் எழுதத் தெரிந்த நண்பருக்கு ஓரிரு வரி வேலை. ஆனால் அந்தச் சீராக்கலுக்கும் அடங்காதவை உண்டு. ‘ஸ்ரீ’ என்ற எழுத்து இரண்டு வேறு மெய்களிலிருந்து பிறக்கலாம். விதிப்படி அவை சமம் இல்லை. ஔகாரத்துக்குப் பதில் ஒகரமும் ளகரமும் தட்டப்பட்ட ‘ஒளவை’ ஆயிரக்கணக்கான பக்கங்களில் இருக்கிறது.

பிடிஎஃப் கோப்புகளில் சிக்கல் வேறு மாதிரி. அச்சில் கொம்பு முன்னால் வருவதால், சில கோப்புகளிலிருந்து ‘சேலம்’ என்பதை நகலெடுத்தால் ‘ேசலம்’ என்று கொம்பு தனியாக முன்னால் வந்து விழும். தேடினால் கிடைக்காது. அதனால் தமிழ்ப் பக்கத்தை பிடிஎஃப்பாக மட்டும் சேமிப்பதை நான் விரும்புவதில்லை. எச்டிஎம்எல் படியில் எழுத்து குலையாமல் இருக்கும். யூனிகோடு பரவுவதற்கு முன் டாப், டாம், டிஸ்கி போன்ற குறிமுறைகளில் எழுதப்பட்ட பழைய பக்கங்கள் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரியும். அவற்றை மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. மாற்றிய பிறகும் மூலத்தை அழிக்காதீர்கள். மாற்றும் கருவி ஓர் எழுத்தைத் தவறவிட்டால் திரும்பிப் பார்க்க அதுதான் இருக்கிறது.

இதற்கெல்லாம் ஒரு சுலபமான தற்காப்பு இருக்கிறது: குறிச்சொற்களை நீங்களே தட்டுவது. பக்கத்திலிருந்து ஒட்டாமல், உங்கள் விசைப்பலகையில் ‘கோட்டை மாரியம்மன்’ என்று தட்டி வைத்தால், பின்னால் தேடும்போதும் அதே விசைப்பலகையில்தான் தட்டுவீர்கள். குறிகள் ஒத்துப்போகும். ஊர்ப்பெயரின் பல வடிவங்களுக்கும் இதுவே மருந்து. ஒருவர் சேர்வராயன் என்கிறார், ஒருவர் ஷெவராய் என்கிறார், ஆங்கிலப் பக்கங்களில் எழுத்துக்கூட்டல் இன்னும் பல. உங்கள் குறிச்சொல் ‘சேர்வராயன் மலை’ என்று ஒன்றாக இருக்கட்டும். குறிச்சொற்களை அளவாக வையுங்கள். பதிவுக்குப் பதினைந்து குறிச்சொல் போடுபவர் இரண்டு வாரத்தில் சலித்துவிடுவார்.

ஒரு பதிவின் தோற்றம்

மாதிரிக்காக, ஒரு பதிவின் தலைப்பகுதி இப்படி இருக்கலாம்:

தலைப்பு: பக்கத்தில் உள்ளபடியே, சுருக்காமல்
எழுதியவர்: பெயர் தரப்படவில்லை
வெளியான நாள்: 2019-11-02
பார்த்த நாள்: 2025-08-14
தகவலின் காலம்: 1820கள் முதல் 1900 வரை
முகவரி: வால் வெட்டிச் சரிபார்த்தது
நிலையான படி: வேபேக் முகவரி
குறிச்சொல்: சேர்வராயன் மலை, காப்பி
ஏன் எடுத்தேன்: காப்பி வந்த ஆண்டுக்கு இவர் காட்டும் ஆதாரம் என்ன என்று பார்க்க

கடைசி வரியைத் தவறாமல் எழுதுங்கள். அது உங்கள் சொந்தச் சொல்லில் ஒரே வாக்கியமாக இருந்தால் போதும். காப்பி வந்த ஆண்டு என்று ஒரு பக்கம் ஒன்றும் மற்றொரு பக்கம் வேறொன்றும் சொல்லும்போது, எது சரி என்று முடிவு செய்ய உதவுவது அவரவர் காட்டும் ஆதாரம்தான். எதற்காக எடுத்தோம் என்ற குறிப்பு இல்லாத நூறு பதிவுகளை மீண்டும் ஒருமுறை முழுதாகப் படிக்க வேண்டியிருக்கும். கட்டுரையின் வாக்கியத்தை அப்படியே எடுத்திருந்தால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். உங்கள் வாக்கியத்தை வெளியே வையுங்கள். இரண்டும் கலந்துவிட்டால், நாளை உங்களை அறியாமலே அடுத்தவர் எழுத்து உங்கள் ஆய்வேட்டுக்குள் புகுந்துவிடும்.

உரிமை பற்றிய கேள்வி எழும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, 52ஆம் பிரிவில், ஆய்வு உள்ளிட்ட தனிப்பட்ட பயன்பாட்டுக்கு நியாயமான அளவில் எடுத்தாள இடம் தருகிறது. சேமித்ததை மறுபடி பொதுவில் வெளியிடுவது வேறு விஷயம். அதற்கு உரியவரின் அனுமதி வேண்டும்.

காப்புப் படியை மறக்க வேண்டாம். ஜொடேரோவை மூடிவிட்டு, அதன் தரவுக் கோப்புறையை முழுதாக ஒரு வெளி வட்டுக்கு நகலெடுத்தால் போதும். அந்தக் கோப்புறையை டிராப்பாக்ஸ் போன்ற தானியங்கிப் பகிர்வுக்குள் வைத்து வேலை செய்யாதீர்கள். தரவுத்தளம் சிதைய வாய்ப்பு உண்டு என்று அதை உருவாக்கியவர்களே எச்சரிக்கிறார்கள்.

ஐந்தாறு பக்கங்களைச் சேமித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஏதாவது ஒரு பதிவைத் திறந்து, அதை மட்டும் வைத்து ஓர் அடிக்குறிப்பை முழுமையாக எழுதிப் பாருங்கள். பிறகு அந்தப் பக்கத்தில் படித்ததாக நினைவிருக்கும் ஓர் எண்ணைத் தெளிந்த படியில் தேடுங்கள். எங்கே தடுக்கிறதோ அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, இணைப்பை மறுபடி கொடுத்து, அன்றைக்கே நிரப்பிவிடுங்கள்.